நூல் ஊரில் நைலான் மாஞ்சா எதற்கு? பிள்ளைகளுக்குப் பட்டம் கட்டச் சொல்லிக் கொடுங்கள்!

திண்டுக்கல்: ஆடி பிறந்துவிட்டால் நம்ம ஊர் மொட்டை மாடிகளில் பிள்ளைகளைப் பிடிக்க முடியாது. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து, உடுமலை, பழநி, ஒட்டன்சத்திரம் என்று அடித்துக்கொண்டு வரும் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, பட்டம் பறக்கும். பறக்கட்டும். யாருக்கும் ஆட்சேபணை இல்லை. எந்த நூலில் பறக்கிறது என்பதுதான் கேள்வி.

திருட்டு, வெட்டு, குத்து என்று எழுதுகிறவனுக்குப் பட்டத்தில் என்னய்யா வேலை என்று கேட்பீர்கள். பட்டம் போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்கு வந்து ரொம்ப வருஷம் ஆகிறது!

கழுத்தை அறுத்த நூல்

2015 செப்டம்பர். சென்னை பெரம்பூர். தகப்பனாரின் பைக்கில் முன்னால் உட்கார்ந்து போன ஐந்து வயதுச் சிறுவன். எங்கிருந்தோ வந்த மாஞ்சா நூல் கழுத்தில் விழுந்தது. பிள்ளை பிழைக்கவில்லை.

2019 நவம்பர். அதே வடசென்னை, கொருக்குப்பேட்டைப் பக்கம். இதுவும் பைக்தான். பெற்றோரோடு போன மூன்று வயதுக் குழந்தை. இதுவும் கழுத்துதான்.

இந்த இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது தெரியுமா? 2017 ஜூலை 11-ந் தேதி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சா, செயற்கை இழை மாஞ்சா அத்தனைக்கும் நாடு முழுவதும் தடை போட்டது. சென்னையில் போலீசார் தனியாகவும் தடை உத்தரவு போட்டார்கள். கடைகளில் சோதனை, கைது, பறிமுதல் எல்லாம் நடந்தன. அப்படியும் 2019-ல் அந்தக் குழந்தை போனது.

போலீசைக் குறை சொல்லவில்லை. மாஞ்சா விற்கிற ஆசாமியைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு நூல்கண்டு சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். எத்தனை பையைத் தடவிப் பார்ப்பார்கள்?

"நாங்க போடாத மாஞ்சாவா தம்பி?" என்பார்கள் பழைய ஆட்கள். பாட்டிலை இடித்துத் தூளாக்கி, வஜ்ரம் காய்ச்சி, கரண்டுக் கம்பத்துக்குக் கம்பம் நூலை இழுத்துக் கட்டிப் பூசிய கதையை மீசையை முறுக்கிக்கொண்டு சொல்வார்கள். சரி, அதுவும் ஆபத்துதான். கண்ணாடித் தூளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அன்றைக்கு அது பருத்தி நூல். சடக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். நைலான் அறாது. மேலே பட்டம் இழுக்க, கீழே பையன் இழுக்க, குறுக்கே நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பைக் வந்தால் எது அறுபடும் என்று யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு ரோட்டில் இத்தனை பைக்கும் கிடையாது. "சீன மாஞ்சா" என்று பேர் வைத்திருக்கிறோமே, அதில் முக்கால்வாசி நம்ம நாட்டிலேயே தயாராகிற சரக்கு.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம்

இதற்கு நான் சொல்லும் வழி சின்னது. ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மாநகராட்சிப் பள்ளிக்கூட மைதானங்களில் பிள்ளைகளுக்குப் பட்டம் கட்டச் சொல்லிக் கொடுங்கள். பூட்டுக்குப் பேர்போன ஊர் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை மைதானத்தையும் பூட்டியே வைக்க வேண்டுமா?

கடையில் வாங்கிய பட்டத்தை அறுகொடுக்கப் பையனுக்கு வருத்தம் கிடையாது. இன்னொன்று வாங்கிக் கொள்வான். தானே குச்சி சீவி, பசை தடவி, காயவைத்து, வால் ஒட்டிய பட்டத்தை அவ்வளவு லேசில் அறுக்க விடமாட்டான். பக்கத்து வீட்டுக்காரன் பட்டத்தை அறுப்பதைவிட அவனைவிட உயரத்தில் தன் பட்டம் நிற்பதுதான் பெரிசாகத் தோன்றும். யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில் தைப்பொங்கல் அன்று பட்டப் போட்டி நடத்துகிறார்கள். ஆளுயரத்துக்கும் மேலான பட்டங்கள், விதவிதமான உருவங்கள். அங்கே பரிசு கட்டிய கைக்கு. எவன் பட்டத்தை எவன் அறுத்தான் என்பதற்கு இல்லை.

செலவு? ஒரு பிள்ளைக்கு ஒரு டீ காசு போதும். நீங்கள் படித்து முடித்த இந்தப் பத்திரிகைத் தாளைச் சதுரமாக வெட்டிக் கொள்ளுங்கள். தென்னை விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்கு. ஒன்று மூலைக்கு மூலை நேராக, இன்னொன்று வில்லாக வளைத்துக் குறுக்கே. மைதாப் பசை. அதுவும் இல்லையா, சோற்றுப் பருக்கை. வாலுக்குக் கிழிந்த சேலைக் கரை. கொஞ்சம் பெரிய பட்டம் என்றால் ஈர்க்கு தாங்காது, மூங்கில் சிம்பு வேண்டும். கூடை முடைகிறவர்களிடம் கேட்டால் சீவித் தருவார்கள். அவர்களில் ஒருவரையே வாத்தியாராக உட்கார வைத்தால் இன்னும் நல்லது. மூங்கிலை ஒரே கனத்தில் சீவுவது எப்படி என்பதை அவரைவிட யார் சொல்லிக் கொடுக்கப் போகிறார்?

நூல் விஷயத்தில்தான் ஜாக்கிரதை. தையல் கடை நூல்தானே என்று வாங்கிவிடாதீர்கள். இப்போது பெரும்பாலும் அது பாலியஸ்டர். சுத்தப் பருத்தி நூல்தான் வேண்டும். நம்ம ஜில்லாவில் நூலுக்குப் பஞ்சமா? வேடசந்தூர்ப் பக்கம் திரும்பினால் ஸ்பின்னிங் மில். சின்னாளபட்டிக்குப் போனால் சுங்குடிச் சேலை, தறி. மில் முதலாளிகள் மனசு வைத்து, கோனில் மிஞ்சிய பருத்தி நூலைக் கொடுத்தால் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரு சீசன் முழுக்கப் பறக்க விடலாம். ஒற்றை இழை என்றால் இரண்டாக முறுக்கிக் கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

பட்டத்தின் நெஞ்சில் கட்டும் நூலுக்குச் சூத்திரம் என்று பேர். பொருத்தமான பேர்தான். காற்று கடுமையாக இருந்தால் அந்த முடிச்சை ஒரு விரல்கடை மேலே ஏற்ற வேண்டும். பட்டம் சுழன்று சுழன்று தலைகீழாக விழுந்தால் வாலை நீட்ட வேண்டும். போர்டில் கோணம் போட்டால் கொட்டாவி விடுகிற பையன் இதை ஐந்து நிமிஷத்தில் பிடித்துக் கொள்வான். 1899-ல் ரைட் சகோதரர்கள் விமானத்துக்கு முன்னால் பட்டம் கட்டித்தான் இறக்கையைத் திருகிப் பார்த்தார்கள். 1901 டிசம்பரில் அட்லாண்டிக் கடல் தாண்டி வந்த வயர்லெஸ் சிக்னலைப் பிடிக்க மார்க்கோனி ஏரியல் கம்பியைத் தூக்கிவிட்டது பட்டத்தில்தான்.

கையால் செய்து படிப்பது நமக்குப் புதுசும் இல்லை. 1937-ல் வார்தாவில் காந்திஜி பேசிய ஆதாரக் கல்வி அதுதான். அந்த வழியில் 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம் நம்ம மதுரை ரோட்டில்தான் இருக்கிறது. குப்பையில் கிடக்கும் பொருளை வைத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்த அரவிந்த் குப்தாவுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தது சர்க்கார். நம்ம தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்களும் இந்த வேலைக்குக் கூப்பிட்டால் வரக்கூடியவர்களே. மாமல்லபுரம் பக்கம் 2022 ஆகஸ்டில் சர்வதேசப் பட்டத் திருவிழா நடத்தியது சுற்றுலாத் துறை. சந்தோஷம். ஆனால் அது வேடிக்கை பார்க்கிற திருவிழா. பேகம்பூர்ப் பிள்ளையும் நாகல்நகர்ப் பிள்ளையும் கையில் பசையோடு உட்காருவதற்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை.

பொம்பளைப் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். மாடியில் பட்டம் விடுவது ஆம்பளைப் பையன் வேலை என்று எவன் எழுதி வைத்தான்?

மூன்று இடம் வேண்டவே வேண்டாம். கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடி ஒன்று. பட்டத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடக்கிற பையனுக்குத் தரை எங்கே முடிகிறது என்று தெரியாது. கரண்டுக் கம்பி ஓடுகிற தெரு இரண்டு. மூன்றாவது ரயில் பாதை. நம்ம ஜங்ஷனில் மதுரை, திருச்சி, கரூர், பழநி என்று நாலு பக்கமும் லைன் பிரிகிறது. தலைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். சிக்கிய பட்டத்தை எடுக்கக் குச்சியை நீட்டினால் கம்பியைத் தொடக்கூட வேண்டாம், கிட்டே போனாலே போதும்.

மாநகராட்சியில் 48 வார்டு. எல்லா வார்டிலும் ஒரே நாளில் ஆரம்பியுங்கள் என்று கேட்கவில்லை. இந்த ஆனியில் நாலு பள்ளிக்கூடம் போதும். இருபது பிள்ளைக்கு ஒரு பெரியவர், காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை. ரிட்டயர்டு வாத்தியார்கள், டைலர்கள், மில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பேர் கொடுக்கலாம். கவுன்சிலர்கள் கேட்டைத் திறந்து விடச் சொல்லட்டும். குடிக்கத் தண்ணீர் மட்டும் ஒரு குடம் வேண்டும்.