சூளை முன்பணத்துக்கு முன்னால் வங்கிக் கடன் வரட்டும்

திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

திருத்தணி வட்டாரத்து இருளர் பழங்குடிப் பெண்களுக்காக இந்த மடலை எழுதுகிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கூலிவேலை நின்றுபோகும். அந்த நேரம் பார்த்துத்தான் செங்கல் சூளைக்கும் மரம் வெட்டுக்கும் ஆள் சேர்ப்பவர்கள் முன்பணத்தோடு வருகிறார்கள். அடுப்பெரியாத வீட்டில் அந்தப் பணத்தை வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? வாங்கிய பிறகு, பிள்ளைகளின் படிப்பையும் விட்டுவிட்டுக் குடும்பமே சூளைக்குப் போகிறது. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இலேயே சட்டம் வந்துவிட்டது. முன்பணம் மட்டும் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

அந்தப் பெண்கள் கேட்பது பெரிய தொகை அல்ல. இரண்டு வெள்ளாடு, கொஞ்சம் நாட்டுக்கோழி, குத்தகைக்கு எடுத்த சில சென்ட் நிலத்தில் கீரையோ கனகாம்பரமோ போட முதலீடு. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் காவடிகளுக்கு எவ்வளவு பூ வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. சந்தை காலடியிலேயே இருக்கிறது.

பணமும் அரசிடம் இருக்கிறது. தேசியப் பழங்குடியினர் நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகம், பழங்குடிப் பெண்கள் செய்யும் 2 லட்சம் ரூபாய் வரையிலான தொழிலுக்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டியில் கடன் தருகிறது. சுய உதவிக் குழுவுக்கு 10 லட்சம் வரை ஈடு கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தொலைதூரப் பழங்குடிப் பகுதிகளில் ஐந்து பேர் சேர்ந்தாலே குழு அமைக்கலாம் என்று தேசிய ஊரக வாழ்வாதார இயக்கமும் தளர்த்தியிருக்கிறது. ஏழெட்டு வீடுகளே உள்ள இருளர் குடியிருப்புகளுக்கும் அந்தத் தளர்வைக் கொடுங்கள்.

பழங்குடியினருக்கான கடன் பெரும்பாலும் சாதிச் சான்றிதழில் முட்டி நிற்கிறது. பழங்குடியினர் சான்றிதழ் கொடுப்பவர் வட்டாட்சியர் அல்ல, கோட்டாட்சியர். ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலியை இழந்து, அவரிடம் பலமுறை நடக்க வேண்டும். அதோடு, திருத்தணி எல்லையோர ஊர். 1960 வரை ஆந்திரத்தில் இருந்தது. இங்கே பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை தாண்டி நடக்கும். அந்தப் பக்கத்து ஏனாதி இனத்தவர் ஆந்திரத்தின் பழங்குடிப் பட்டியலில் உண்டு, நம் பட்டியலில் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து வாழ வந்த பெண் எந்தக் காகிதத்தைக் காட்டுவாள்? இதற்குத் தனி ஆணை ஒன்று தேவை என்று அரசுக்கு நீங்கள் எழுத வேண்டும்.

இவர்களால் நிர்வகிக்க முடியுமா என்று வங்கிகள் தயங்கினால் செங்கல்பட்டு மாவட்டத்தைக் காட்டுங்கள். வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நடக்கிறது. செங்கல்பட்டு வட்டாரத்தில் 1986இல் தொடங்கிய இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் மூலிகை நாற்றங்கால் வளர்த்துக் காட்டியது.

ஆவணி, புரட்டாசியிலேயே கோட்டாட்சியரையும் தாட்கோ (தமிழ்நாடு ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம்) அலுவலரையும் வங்கி மேலாளரையும் குடியிருப்புகளுக்கே அனுப்புங்கள். சான்றிதழும் கடன் ஆணையும் ஒரே முகாமில் கிடைக்கட்டும். வாரத் தவணை வேண்டாம். ஆடு விற்கும் மாதத்தில், பூ விற்கும் மாதத்தில் திருப்பிக் கட்ட விடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் அந்தப் பணம் அவர்கள் கைக்கு வந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
திருத்தணி வாசி ஒருவர்