நிற்கும் இடத்திலேயே மின்னேற்றம்

மின்னூர்திகளின் காலம் தொடங்கிவிட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஒசூரிலும் போச்சம்பள்ளியிலும் உருவாகும் மின் இருசக்கர வண்டிகள் நாடெங்கும் ஓடுகின்றன. தமிழ்நாடு அரசு மின்னூர்திக் கொள்கையை 2019இல் வெளியிட்டு, 2023இல் திருத்தியமைத்தது. ஆயினும், வண்டிகளை உருவாக்கும் இம்மாநிலத்தின் சிற்றூர்களில் அவற்றுக்கு மின்னேற்றப் பொது இடம் உண்டா?

ஒன்றிய மின் அமைச்சகம் 2018இல் வகுத்த நெறிமுறைகள், நகரங்களில் மூன்று கிலோமீட்டர் நீள அகலமுள்ள ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மின்னேற்று நிலையமும், நெடுஞ்சாலைகளில் 25 கிலோமீட்டருக்கு ஒன்றும் அமைய வேண்டும் என்றன. பெருநகரத்திலும் இல்லாமல் நெடுஞ்சாலையிலும் இல்லாமல் விலகி நிற்கும் பேரூராட்சிகள் இக்கணக்கில் இடம்பெறவில்லை.

வீட்டிலேயே மின்னேற்றிக்கொள்ளலாமே எனச் சிலர் வினவுவர். சொந்த வீடும் வண்டி நிறுத்த இடமும் உடையோர்க்கு அது பொருந்தும். மாடியில் வாடகைக்குக் குடியிருந்து, தெருவோரத்தில் வண்டியை நிறுத்துவோர் என்செய்வர்? நண்பகலில் மின்கலம் தீர்ந்துபோகும் ஆட்டோ ஓட்டுநருக்கு அன்றைய பாதி வருமானமே போய்விடும். பொது நிலையம் இல்லாத ஊரில் மின்னூர்தி வசதி படைத்தோரின் உடைமையாகவே நின்றுவிடும்.

அதற்காகப் பெருஞ்செலவில் விரைவு மின்னேற்றி ஒன்றை நிறுவுவதே தீர்வாகாது. 50 கிலோவாட் திறனுள்ள கருவி ஒரு நேரத்தில் ஒரு காருக்கே முழுத் திறனையும் அளிக்கும். அதற்கேற்ற மின்மாற்றியும் தேவைப்படும். அதே மின்சுமையில் 3.3 கிலோவாட் திறனுள்ள எளிய மின்னேற்றிகள் பதினைந்தை இயக்கலாம். பெரும்பாலான இருசக்கர வண்டிகளின் மின்கலம் நிறைய ஏறத்தாழ மூன்று அலகு மின்சாரம் போதும். வேகம் குறைவுதான், ஆனால், காத்திருக்கத் தேவையில்லாத இடத்தில் வேகம் எதற்கு?

காலையில் பேருந்து நிலையக் காப்பகத்தில் வண்டியை விட்டுச் செல்வோர் மாலையில்தான் திரும்புகின்றனர். உழவர் சந்தை, வட்டாட்சியர் அலுவலகம், அரசு மருத்துவமனை ஆகிய இடங்களிலும் வண்டிகள் நெடுநேரம் நிற்கின்றன. வண்டி நிற்கும் இடத்துக்கு மின்சாரம் வருவதே சிற்றூருக்கு ஏற்ற முறையாகும்.

வண்டிகளே குறைவாயிருக்க நிலையம் எதற்கு என்பது மற்றொரு தடை. நிலையம் இல்லை என்று மக்கள் வண்டி வாங்கத் தயங்குகின்றனர். வண்டி இல்லை என்று நிலையம் தள்ளிப்போகிறது. இச்சுழலை உடைக்க வேண்டிய பொறுப்பு ஊராட்சி அமைப்புகளுக்கே உண்டு. பயணிகள் திரளட்டும் என்று காத்திருந்தால் பல ஊர்களுக்குப் பேருந்தே வந்திராது.

மின்னேற்று நிலையம் நடத்தத் தனி உரிமம் தேவையில்லை என 2018இலேயே தெளிவுபடுத்தப்பட்டுவிட்டது. எனவே, பேரூராட்சியோ கூட்டுறவுச் சங்கமோ மகளிர் சுய உதவிக் குழுவோ இதனை ஏற்று நடத்தலாம். அலகுக்கான கட்டணம் அனைவரும் காண எழுதப்பட வேண்டும். பழுது நேர்ந்தால் உடனே சரிசெய்யப் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். திறப்பு விழா கண்ட மறுமாதமே பூட்டிக் கிடக்கும் நிலையத்தால் ஊருக்குப் பயனில்லை.

மாணவர்களே, உங்கள் ஊரில் வண்டிகள் எங்கு, எவ்வளவு நேரம் நிற்கின்றன எனக் கணக்கிடுங்கள். அக்கணக்கோடு பேரூராட்சிக்கு விண்ணப்பம் எழுதுங்கள். சிற்றூர் தனக்கு வேண்டியதைத் தானே கேட்டால்தான் திட்டங்களில் அதற்கு இடம் கிடைக்கும்.