மீனுக்கு எண் எதற்கு?

விழிஞ்ஞம் மீன்பிடித் துறையில் விடியற்காலை ஏலத்தைக் கண்டவர் அறிவர்: அங்கே எந்த மீனுக்கும் எண் கிடையாது. உள்ளூரார் சாளை என்பதை வடக்கேயிருந்து வரும் வியாபாரி மத்தி என்பார். நெத்தோலி என்று இங்கே சொல்வது குளச்சல் பக்கத்தில் நெத்திலி. பிழைப்பின் பொருட்டு இங்கே குடியேறிய எனக்குப் பெயர் மாறுவது புதிதன்று. ஆனால் நம் ஆய்வு மாணவர் பலர் இந்தக் குறிப்புகளைக் கணிப்பொறியில் ஏற்றும்போது என்ன செய்கிறார்கள்? மீன்களுக்கு 1, 2, 3 என்று எண் சூட்டிவிடுகிறார்கள். ஆறு திங்கள் கழித்து, 7 எந்த மீன் என்று எழுதியவரே விழிக்கிறார். இவ்வழக்கம் ஒழியவேண்டும்.

வழி இல்லாமலில்லை. ஆக் மொழியில் 1977 முதலும், பாஷ் ஷெல்லில் 2009-இல் வந்த 4.0 பதிப்பு முதலும் ‘அசோசியேட்டிவ் அரே’ உண்டு. பெயரணி என்று அழைப்போமே! சாதாரண அணியில் அறைக்கு எண். பெயரணியில் அறைக்குப் பெயர். ‘சாளை’ என்ற தமிழ்ச் சொல்லையே சாவியாக வைத்து, குறிப்பேட்டை ஒரேமுறை படித்து, ஒவ்வொரு பெயரின் கீழும் எடையைக் கூட்டிக்கொண்டே போகலாம். இன்னொரு பெயரணியில் சாளைக்கும் மத்திக்கும் சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ் என்ற ஒரே மதிப்பைத் தரலாம். கணக்கு ஒன்றாகும், மீனவர் வாயில் வழங்கும் பெயர் ஒன்றுகூடச் சாகாது. எனக்கு இதுவே பெரிது.

“பைத்தான் இருக்க ஷெல் எதற்கு?” என்பர் சிலர். அணிக்குள் அணி வேண்டுமென்றால் பைத்தானுக்கே செல்லுங்கள். பாஷ் அதற்கு உதவாது. நாற்பது வரிக் குறிப்பைக் கூட்டுவதற்கு அவ்வளவு படை எதற்கு?

எச்சரிக்கை இரண்டு உண்டு. ‘டிக்ளேர்’ கட்டளையைப் பெரிய ‘ஏ’ குறியுடன் முதலில் எழுதவேண்டும். எழுதாமல் ஆங்கில எழுத்தில் பெயர்களை இட்டால், பாஷ் அவற்றை மதிப்பில்லாத மாறிகளாகக் கருதி எல்லாவற்றையும் 0-ஆம் அறையிலே கொட்டும், முணுமுணுக்கக்கூடச் செய்யாது. ஆப்பிள் கணிப்பொறியோடு வரும் பாஷ் 3.2-க்குப் பெயரணியே தெரியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மற்றது நம் எழுத்தைப் பற்றியது. நெத்தோலியின் ‘தோ’வில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பாஷுக்கு இரண்டு மீன்! ஆகவே சாவியாக வைக்குமுன் எழுத்தை ஒருமுகப்படுத்தல் வேண்டும். அதற்குரிய சிறு நிரலையும், விழிஞ்ஞம் முதல் குளச்சல் வரை வழங்கும் மீன்பெயர்ப் பட்டியலையும் நம் மன்றம் இவ்வாண்டே தொகுக்கலாகாதா?