கொல்லையில் இன்னொரு வீடு

மகனுக்குக் கல்யாணம் என்றால் கொல்லைப்புறத்தில் சிறு வீடு ஒன்று எழுப்புவது கிராம வழக்கம். வீடு கட்டுவோரின் அலைச்சலைக் குறைக்க, தமிழக அரசு 2024 ஜூலையில் சுயசான்று முறையில் உடனடி அனுமதித் திட்டத்தைக் கொண்டுவந்தது. வரவேற்கிறோம். ஆனால் அது விதித்த அளவு என்ன? மனை 2,500 சதுர அடிக்குள். கட்டடம் 3,500 சதுர அடிக்குள். 2,500 சதுர அடி என்பது ஆறு சென்ட் கூட இல்லை. மாட்டுக்கொட்டகை, வைக்கோல் போர், எருக்குழி எல்லாம் உள்ள விவசாயி மனை இதற்குள் அடங்குமா? சின்ன மனையில் மாடிவீடு கட்டுபவருக்கு உடனடி அனுமதி. பெரிய மனையில் 400 சதுர அடி ஓட்டு வீடு கட்டுபவருக்குக் காத்திருப்பு. இது நியாயமல்ல. கிராமங்களில் மனையின் அளவை விட்டு, கட்டும் வீட்டின் அளவை மட்டுமே பார்க்க அரசு ஆவன செய்ய வேண்டும். விவசாயிகளும் வாணம் தோண்டுமுன் ஊராட்சியில் விசாரித்துக்கொள்வது நல்லது.