மெக்காலே அன்று எங்கே இருந்தார்?

ஆய்வேடு கைக்கு வந்ததும் நான் முதலில் புரட்டுவது அடிக்குறிப்புகளைத்தான். காலனியக் கல்வி பற்றிய ஆய்வென்றால் பெரும்பாலும் அந்த மேற்கோள் இருக்கும். 1835 பிப்ரவரி 2 அன்று இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்காக வாதாடிய மெக்காலே, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசினாராம். இந்தியா முழுக்கச் சுற்றியும் ஒரு பிச்சைக்காரரையோ திருடரையோ காணவில்லை, இந்நாட்டின் பண்பாட்டை முறிக்காமல் இதை வெல்ல முடியாது என்றாராம். ஆதாரமாக மூன்று நூல்களைக் காட்டியிருப்பார்கள். எடுத்துப் பார்த்தால் ஒன்று மற்றொன்றைக் கைகாட்டும். நாடாளுமன்றப் பதிவை எதுவும் காட்டாது. இதை மூன்று சான்று என்று எண்ணவே கூடாது.

அன்றைக்கு மெக்காலே லண்டனிலேயே இல்லை. 1834 ஜூனில் சென்னையில் கப்பலிறங்கி, ஊட்டியில் தங்கியிருந்த தலைமை ஆளுநர் வில்லியம் பெண்டிங் பிரபுவைச் சந்தித்துவிட்டு, கல்கத்தா போய்விட்டார். தாயகம் திரும்பியது 1838இல். நாடாளுமன்றமும் அன்று கூடவில்லை. முந்தைய டிசம்பர் இறுதியில் கலைக்கப்பட்டு, தேர்தலுக்குப் பின் பிப்ரவரி 19 அன்றுதான் கூடியது. பேசியதாகச் சொல்லப்படுபவரும் இல்லை, அவையும் இல்லை!

எனக்கு ஆற்றாமை வேறொன்றில். அதே தேதியிட்டு அவர் கல்கத்தாவில் எழுதிய கல்விக் குறிப்பு நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1920இல் ஷார்ப் தொகுத்த கல்வி ஆவணங்களில் அச்சாகியுள்ளது. சமஸ்கிருதமும் அரபியும் தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட கையோடு, இந்திய, அரபு இலக்கியம் மொத்தமும் நல்ல ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஒரு தட்டுக்கு ஈடாகாது என்கிறார். மெக்காலேயைக் கூண்டில் ஏற்ற விரும்பும் மாணவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் போலி மேற்கோள் நம்மைப் புகழ்கிறது. அதனால்தான் யாரும் அதன் மூலத்தைத் தேடிப் போவதில்லை. நம் மனத்துக்கு உகந்ததைச் சொல்லும் சான்றையே கூடுதலாகச் சோதிக்க வேண்டும் என்பேன்.

இத்தகைய பொய்யைப் பிடிக்க இருக்கும் விதிகள் உதவாது. கருத்துத் திருட்டைத் தடுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள், ஆய்வேடு பிற எழுத்துகளோடு 10 விழுக்காடு வரை ஒத்திருப்பதைப் பொறுத்துக்கொள்கின்றன. மூலம் சுட்டிய மேற்கோள்கள் அந்தக் கணக்கிலேயே வராது. பொய் மேற்கோள் அந்த வழியாகவே நழுவிவிடும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஐந்து அடிக்குறிப்புகளைத் தாமே பொறுக்கி எடுக்கட்டும். அந்தந்தப் பக்கத்தின் நகலை மாணவர் மேசைமேல் வைக்கட்டும். வைக்க முடியாவிட்டால் அந்த இயல் திருத்தத்துக்குத் திரும்பட்டும். பட்டம் தள்ளிப்போகுமே என்று நெறியாளர்கள் சிலர் முணுமுணுப்பார்கள். தள்ளிப்போகட்டும்.