கணினி கிளம்பவில்லையா? முதலில் கணக்கைக் காப்பாற்றுங்கள்!



ஆயுத பூஜையன்று தராசுக்கும் கல்லாவுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிற நாம், இப்போது கணினிக்கும் வைக்கிறோம். தவறில்லை. பேரேடும் நாள்வழியும் இருந்த இடத்தில் இன்று அதுதான் இருக்கிறது. ஆனால் பேரேட்டைப் பாதுகாத்ததுபோல் கணினிக்குள் இருக்கும் கணக்கைப் பாதுகாக்கிறோமா என்று ஒவ்வொருவரும் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல வேண்டும். நான் பாதுகாக்கவில்லை. அதனால் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2018ஆம் ஆண்டு, தீபாவளி வியாபாரம் சூடுபிடித்த நேரம். எங்கள் பருப்பு மண்டியில் காலையில் கணினியைப் போட்டால், கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அதற்குமேல் நகரவில்லை. வாசலில் லோடு ஏற்ற வண்டிகள் நிற்கின்றன. பழுது பார்ப்பவரை அழைத்தோம். "விண்டோஸ் போய்விட்டது. ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டால் சரியாகிவிடும்" என்றார். ஃபார்மட் என்றால் என்னவென்று நான் கேட்கவில்லை. "சீக்கிரம் போடுங்கள்" என்றேன். மதியத்துக்குள் கணினி கிளம்பிவிட்டது. உள்ளே கணக்கு இல்லை! தினமும் மாலையில் பேக்கப் எடுத்துத்தான் வந்தோம். ஆனால் அதுவும் அதே ஹார்ட் டிஸ்கில்தான் இருந்தது. பேரேட்டுக்கு நகல் எழுதி, அதே பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவைத்த கதைதான்.

கையில் இருந்தது நாற்பது நாளைக்கு முந்தைய பாக்கிப் பட்டியல் ஒன்றுதான். லோடு ஏற்றிய சிட்டைகளைத் தேடிச் சேர்த்தோம். மீதிக்குக் கடை கடையாக ஏறி, "உங்கள் பாக்கி எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள் அண்ணாச்சி" என்று கேட்டேன். பெரும்பாலோர் தங்கள் நோட்டைப் பார்த்துச் சரியாகச் சொன்னார்கள். அந்த நாணயத்தை நான் என்றும் மறக்க மாட்டேன். ஒருவர் சொன்ன தொகை மட்டும் மிகவும் குறைவாகப் பட்டது. முகம் கறுத்துப் பேசிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, அவர் பணம் கட்டிய ரசீதின் அடிக்கட்டை கிட்டங்கியில் கிடைத்தது. அவர் சொன்னதே சரி. போய் மன்னிப்புக் கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் காப்பி வாங்கிக் கொடுத்தார். ஆனால் இன்றுவரை சரக்கை வேறு மண்டியில்தான் எடுக்கிறார்.

"எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா" என்பார்கள் பெரியவர்கள். நானோ எழுதிய கடனையே அழித்துவிட்டு நின்றேன்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஒரு வாரத்தில் திரையில் அதே வரி மறுபடியும் வந்தது. இந்த முறை வேறொருவர் வந்தார். பின்புறம் செருகியிருந்த பென்டிரைவைப் பிடுங்கினார். கணினி கிளம்பிவிட்டது! விலைப்பட்டியல் அச்சடிக்கக் கொண்டுபோகும் பென்டிரைவ் அது. மதர்போர்டில் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துபோனதால், எதிலிருந்து கிளம்புவது என்ற வரிசை மாறி, கணினி முதலில் பென்டிரைவில் தேடியிருக்கிறது. சில நாளாகத் திரையோரக் கடிகாரம் பழைய ஆண்டைக் காட்டியதே, அதுதான் அறிகுறி. நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட ஆகாது.

ஆகவே நண்பர்களே, "நோ பூட்டபிள் டிவைஸ்", "ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்", "பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்று எது வந்தாலும், கிளம்புவதற்கு வேண்டியது கிடைக்கவில்லை என்றுதான் பொருள். கணக்கு அழிந்துவிட்டது என்று பொருளல்ல. கடைச் சாவி தொலைந்தால் சரக்கே போய்விட்டது என்போமா?

முதலில் பென்டிரைவ், சிடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது, தேதி தவறினால் பேட்டரியை மாற்றுங்கள். மூன்றாவது, மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகு, ஹார்ட் டிஸ்கில் உள்ள இரண்டு கேபிள்களையும் கழற்றி அழுத்திச் செருகச் சொல்லுங்கள். நான்காவது, போட்டவுடன் எஃப்2 அல்லது டெலீட் பொத்தானைத் தட்டினால் பெரும்பாலான கணினிகளில் பயாஸ் திரை வரும். அதில் ஹார்ட் டிஸ்கின் பெயர் தெரிந்தால், பெரும்பாலும் கணக்கு உள்ளே பத்திரமாகவே இருக்கும். டிஸ்கைக் கழற்றி, யுஎஸ்பி இணைப்பான் மூலம் வேறு கணினியில் மாட்டி, கணக்கை நகலெடுத்த பிறகே மற்ற வேலை. பெயர் தெரியாமல் 'டக் டக்' என்று ஓசை வந்தால் டிஸ்கே பழுது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் சேதம் கூடும். அணைத்துவிட்டு, தகவல் மீட்கும் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

"பழையதைக் கட்டி அழுவானேன், புதிது வாங்குங்கள்" என்பார் சிலர். நியாயம்தான். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. ஆனால் புதுக் கணினி பழைய பாக்கியைக் கொண்டுவராது. சட்டமும் விடாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆண்டுப் படிவத்தின் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது. மின்னணுக் கணக்குக்கு முறையான பேக்கப் வேண்டும் என்கிறது விதி 57. அதிகாரி கேட்கும்போது "டிஸ்க் போய்விட்டது" என்பது பதிலாகாது.

இப்போது எங்கள் மண்டியில் பேக்கப் இரண்டு தனி டிஸ்குகளில் எடுக்கிறோம். எடுத்து முடித்ததும் கழற்றிவிடுவோம். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். மாதம் ஒருமுறை அதை வேறு கணினியில் திறந்து பார்க்கிறோம். திறந்து பார்க்காத பேக்கப், எடை போடாத மூட்டை மாதிரி. சனிக்கிழமைதோறும் பாக்கிப் பட்டியலைத் தாளில் அச்சடித்துக் கையெழுத்துப் போட்டு வைக்கிறேன்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அலுவலகத்தில் ஒரு யுஎஸ்பி இணைப்பானும் ஒரு காலி டிஸ்கும் வாங்கி வைத்தால், அவசரத்துக்கு எந்த உறுப்பினரும் வந்து கணக்கை நகலெடுத்துக் கொள்ளலாம். செலவு சிறிது, பயன் பெரிது. அதுவரை, ஒவ்வொருவரும் கணினியின் மேல் ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள்: "உரிமையாளரைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது." யாராவது கேட்டால் சரி என்று சொல்லுமுன், கணக்கின் நகல் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. ஒரு நல்ல வாடிக்கையாளரை இழந்தேன்.