ஆகாயத்தில் விற்கும் தின்பண்டமும் நம் விளைபொருளும்

விமானத்தில் என்ன தின்பண்டம் விற்றால் விவசாயிக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். ஏர் பிடிப்பவருக்கும் ஆகாயத்தில் பறப்பவருக்கும் என்ன சம்பந்தம் என்றும் தோன்றலாம். சம்பந்தம் உண்டு. மக்கள் காசு கொடுத்து உணவு வாங்கும் இடம் எதுவானாலும் அது விளைபொருளுக்கு ஒரு சந்தைதான். அந்தச் சந்தையில் நம் பண்டம் இருக்கிறதா, இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்கும் உரிமை விவசாயிக்கு உண்டு.

விமானப் பயணம் இன்று செல்வந்தர்களோடு நின்றுவிடவில்லை. வெளிமாநிலத்தில் படிக்கும் பிள்ளைகள், வேலை தேடிப் போகும் இளைஞர்கள், அவர்களைப் பார்க்கப் போகும் வயதான பெற்றோர் என்று கிராமங்களிலிருந்தும் பலர் பறக்கிறார்கள். இவர்களில் சர்க்கரை நோய்க்காரர்களும் இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் குறைவல்ல. வழியில் பசித்தால் இவர்களுக்குக் கிடைப்பது என்ன?

வந்த மாற்றம்

2003-ஆம் ஆண்டில் ஏர் டெக்கான் நிறுவனம் நம் நாட்டில் சிக்கன விமான சேவையைத் தொடங்கியது. டிக்கெட் விலை குறைந்தது. இலவசச் சாப்பாடு நின்றது. வேண்டியவர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். இதைக் குறை சொல்வதற்கில்லை. சாப்பிடாதவர் தலையில் சாப்பாட்டுச் செலவை ஏற்றாமல் இருப்பது நியாயமே. பின்னால் வந்த நிறுவனங்களும் இந்த வழியையே பின்பற்றின. இன்று உள்நாட்டில் பறப்பவர்களில் பெரும்பாலோர் இத்தகைய சிக்கன விமானங்களில்தான் போகிறார்கள்.

அடுத்த மாற்றம் கொரோனா காலத்தில் வந்தது. 2020 மே மாதம் 25-ஆம் தேதி உள்நாட்டு விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியபோது, தொற்று பரவாமல் இருக்க உணவு கொடுப்பதே தடை செய்யப்பட்டது. பிறகு, முன்கூட்டியே பொட்டலம் கட்டிய உணவுக்கு அனுமதி கிடைத்தது. 2021 ஏப்ரலில் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான பயணங்களில் அதுவும் நிறுத்தப்பட்டு, நவம்பரில் எல்லா விமானங்களுக்கும் திரும்ப அனுமதி வந்தது. தடை போயிற்று, பொட்டலம் மட்டும் போகவில்லை.

வெந்நீர் ஊற்றும் கோப்பை நூடுல்ஸ், கோப்பை உப்புமா, பிஸ்கட், உருளைக்கிழங்கு வறுவல், உப்புப் போட்ட முந்திரி ஆகியவையே இன்று சிக்கன விமானங்களின் விலைப்பட்டியலில் முக்கிய இடம் பிடித்திருக்கின்றன. முன்பதிவு செய்தால் சாப்பாடு தரும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் ஒரு வாழைப்பழம், ஒரு கொய்யா, ஒரு கை அவித்த கடலை என்று கேட்டால் அரிதாகவே கிடைக்கும்.

உப்பும் நாக்கும்

விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலைமேல் இருப்பது போல வைக்கப்படுகிறது. காற்றின் ஈரப்பதமும் பெரும்பாலும் 20 சதவிகிதத்துக்கும் கீழேதான். இந்த நிலையில் நாக்கு உப்பையும் இனிப்பையும் குறைவாகவே உணரும். தரையில் சரியாக இருக்கும் உணவு மேலே சப்பென்று தெரியும். அதை ஈடுகட்டும் சுலபமான வழி உப்பைக் கூட்டுவது.

ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதாவது ஒரு தேக்கரண்டி. 2024 ஏப்ரலில் ஒரு விமான நிறுவனம் விற்ற கோப்பை உப்புமாவில் நூடுல்ஸைவிடவும் உப்பு அதிகம் என்று புகார் எழுந்தது. விதிகளுக்கு உட்பட்ட அளவே உள்ளது என்று நிறுவனம் பதில் சொன்னது. விதிக்கு உட்பட்டது என்பது வேறு. உடலுக்கு நல்லது என்பது வேறு. உப்பின் அளவு பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. காசு கொடுத்துப் பொட்டலம் கைக்கு வந்த பிறகு அதைப் படித்து என்ன பயன்?

இதில் விவசாயிக்கு உள்ள நஷ்டத்தையும் பார்க்க வேண்டும். சாதாரண நூடுல்ஸ் மைதாவில் செய்து பாமாயிலில் பொரித்தெடுப்பது. உலகிலேயே மிக அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு நம் நாடு. நிலக்கடலை விளைவிக்கிறவர் விலை இல்லை என்று வருந்தும் வேளையில், பயணியின் காசு வேறு எங்கோ விளைந்த எண்ணெய்க்குப் போகிறது.

நிறுவனங்கள் சொல்லும் காரணம்

விமான நிறுவனங்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பல சிக்கன விமானங்களில் உணவைச் சூடாக்கும் அடுப்பு கிடையாது. வெந்நீர் மட்டுமே உண்டு. பழம் விற்காவிட்டால் மறுநாள் அழுகும். பொட்டலம் பல மாதம் கிடக்கும். பண்டம் நாள் தவறாமல், ஒரே அளவில், ஒரே தரத்தில் வர வேண்டும். எடை கூடினால் எரிபொருள் செலவு கூடும்.

இவற்றுக்கெல்லாம் ஈடுகொடுக்கும் பண்டங்கள் நம்மிடம் உண்டு. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குக் குளிர்பெட்டி வேண்டாம், அடுப்பு வேண்டாம். அதிலும் வெல்லம் இருப்பதால் சர்க்கரை நோய்க்காரருக்கு ஆகாது. அவர்களுக்கு உப்பில்லாமல் வறுத்த நிலக்கடலையும் பொட்டுக்கடலையும் இருக்கின்றன. நிலக்கடலையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புரதம். சிறுமலை வாழைப்பழம் தோல் சுருங்கினாலும் உள்ளே சதை கெடாமல் சில நாள் தாங்கும். பண்ருட்டி முந்திரியை உப்பில்லாமலும் வறுக்கலாமே!

கெடாமல் பாதுகாக்கும் தொழில்நுட்பமும் புதிதல்ல. எல்லையில் இருக்கும் படைவீரர்களுக்காக, நாட்கணக்கில் கெடாத உணவை மைசூரில் இருந்த பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கூடம் பல ஆண்டுகளாக உருவாக்கி வந்தது. தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கென்றே தேசிய நிறுவனம் இருக்கிறது. திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அறிவுக்குக் குறைவில்லை, கொண்டுசேர்க்கும் பாலம்தான் இல்லை.

ஆவன செய்ய வேண்டியவை

சென்னை, மதுரை, திருச்சி, கோவை, தூத்துக்குடி விமான நிலையங்கள் மத்திய அரசின் விமான நிலைய ஆணையத்தின் பொறுப்பில் உள்ளவை. விமான நிலையத்தில் விலை அதிகம் என்று பயணிகள் குரல் எழுப்பிய பிறகு, 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும் 2025 பிப்ரவரியில் சென்னையிலும் மலிவு விலைச் சிற்றுண்டிச் சாலை திறக்கப்பட்டது. 10 ரூபாய்க்குத் தேநீர், 20 ரூபாய்க்குச் சமோசா. வரவேற்க வேண்டிய காரியம். விலையில் நியாயம் கிடைத்தது. பண்டத்திலும் கிடைக்க வேண்டும். சமோசா வைத்த தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சீப்பு வாழைப்பழமும் அவித்த சுண்டலும் வைக்கத் தடை என்ன?

சுயஉதவிக் குழுக்களுக்கு விமான நிலையங்களில் சுழற்சி முறையில் இடம் கொடுக்கும் திட்டம் 2022 முதல் உள்ளது. இதை விரிவாக்கி, அந்தந்த வட்டாரத்து விளைபொருளுக்கு நிரந்தரமாக ஒரு கடை ஒதுக்க வேண்டும். விமானத்தில் விற்கும் பண்டங்களின் உப்பு, சர்க்கரை அளவை விலைக்குப் பக்கத்திலேயே அச்சிட உத்தரவிட வேண்டும். பட்டியலில் பழம் அல்லது பயறு வகை ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும்.

நம் பக்கமும் கடமை உண்டு. 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தை மத்திய அரசு 2020-இல் கொண்டுவந்தது. இந்த அமைப்புகள் மூட்டைக் கணக்கில் விற்பதோடு நிற்காமல், 50 கிராம், 100 கிராம் பொட்டலம் போடப் பழக வேண்டும். தரம் பிரிப்பதும் உரிமம் பெறுவதும் சொன்ன நாளில் சரக்கு அனுப்புவதும் கைவர வேண்டும். ஒரு முறை சரக்கு தவறினாலும் ஒப்பந்தம் கைவிட்டுப் போகும் என்பதை மறக்கலாகாது.

அதுவரை, பயணம் போகிறவர்கள் கையோடு கட்டுச்சோறு கொண்டுபோவதே உத்தமம். உள்நாட்டு விமானங்களில் இட்லி, சப்பாத்தி, பழம், கடலை கொண்டுபோகலாம். கொப்பரை மட்டும் வேண்டாம். எண்ணெய்ச் சத்து மிகுந்த அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால் தடை உள்ளது. பயணிகளுக்கு இன்னும் ஒரு வேண்டுகோள்: விமானத்தில் பண்டம் விற்க வருகிறவர்களிடம் பழம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் மேலிடத்துக்குச் செய்தி போகும். கேட்கும் பண்டத்தைத்தான் வியாபாரி கொண்டுவருவான். சந்தைக்குச் சரக்கு கொண்டுபோகும் நமக்கு இது தெரியாததல்ல.